குதிரை ஏன் கீழே தள்ளியது?

குதிரையைப் பற்றி நம் ஊரில் புழங்குகிற பழமொழிகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'கொள்ளுன்னா வாயைத் திறக்குமாம், கடிவாளம்னா வாயை மூடிக்குமாம்.' 'கீழே தள்ளினது பத்தாதுன்னு குதிரை குழியும் பறிச்சுதாம்.' எல்லாவற்றிலும் குற்றவாளி குதிரைதான். தீனி என்றால் வாயைத் திறப்பதும், இரும்பு என்றால் மூடிக்கொள்வதும் எந்த விதத்தில் அயோக்கியத்தனம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பல் டாக்டர் நாற்காலியில் நீங்களும் நானும் அதைத்தான் செய்கிறோம்.

இரண்டாவது பழமொழிதான் இந்த வாரம் எனக்குப் பிரச்னை. குதிரை கீழே தள்ளியது. சரி, ஏன் தள்ளியது? இந்தக் கேள்வியை எந்தப் பாட்டியும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கும் நாற்பது தாண்டும்வரை தோன்றவில்லை. மாசி மாதம் முதுகுளத்தூர் பக்கத்தில் ஒரு காதுகுத்தில்தான் தோன்றியது.

தங்கை பையனுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். எங்கள் ராமநாதபுரம் சீமையில் தாய்மாமன் என்பது உறவு அல்ல, பதவி. சீர் கொண்டு போக வேண்டும். ஒரு காலத்தில் அது நாலு தாம்பாளம், ஒரு கிடாய், பட்டுத் துணி என்று முடிந்துபோகும். இப்போது செண்டை மேளம் வேண்டும், வெடி வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும், நான் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிற பிளெக்ஸ் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஆடிக்கொண்டு போவதற்கு நாட்டியக் குதிரை வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் எனக்குத் தெரியாது. பெரியப்பா மகன் போன் பண்ணினான். "அண்ணே, குதிரை இல்லைன்னா மாமன் வீட்டுக்கு என்ன மருவாதை?" நான் போனிலேயே பணம் அனுப்பினேன். பி.காம். படித்தவன், ரசீதுகூடக் கேட்கவில்லை. குதிரை விஷயத்தில் என் பங்கு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஊர் எல்லையில் இறங்கினோம். ஒரு பக்கம் சீமைக் கருவேலங்காடு, ஒரு பக்கம் தூர்ந்துபோன கண்மாய், களத்தில் சிவப்பாகக் காய்கிற முண்டு மிளகாய், அய்யனார் கோவில் வாசலில் வரிசையாக மண்குதிரைகள். அவற்றுக்கு நடுவே உயிருள்ள செவலைக் குதிரை ஒன்று, கால் நிறையச் சலங்கை, தலையில் குஞ்சம், முதுகில் தரை வரை தொங்குகிற ஜரிகை வெல்வெட்டோடு நின்றிருந்தது. நல்ல அழகு. நானும்தான் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

குதிரைக்காரர் வயிற்று வாரை இழுத்துக் கட்டும்போது குதிரை காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு அவர் கையைக் கடிக்கப் பார்த்தது. எல்லாரும் சிரித்தோம். பையனைத் தூக்கி வைத்தபோது பக்கவாட்டில் ஒதுங்கியது. "புது ஆளுல்ல, கூச்சம்" என்றார் யாரோ. கொஞ்ச தூரம் போனதும் பையன் அழுதான், இறக்கிவிட்டோம். அந்த இடைவெளியில் எங்கள் வீட்டு இளவட்டம் ஒன்று, நிச்சயம் எண்பது கிலோ இருப்பான், செல்ஃபிக்காக ஏறி உட்கார்ந்தான். குதிரை முதுகை வில்லாக வளைத்தது, துள்ளியது. தம்பி மிளகாய்க் களத்தில் கிடந்தான்.

குதிரைக்காரர் சாட்டையை எடுத்தார். "திமிரு பிடிச்ச குதிரைப்பு" என்றது கூட்டம்.

அப்போதுதான் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து சித்தப்பா எழுந்தார். சித்தப்பா ராணுவத்தில் ஆர்.வி.சி.யில் இருந்தவர். குதிரை, கோவேறு கழுதை, நாய்களைக் கவனிக்கிற பிரிவு அது. தலைமையிடம் மீரட். ஊரில் அவரைப் 'பட்டாளத்தார்' என்பார்கள். அவர் பட்டாளத்தில் என்ன செய்தார் என்று நான் அதுவரை கேட்டதே இல்லை.

"அடிக்கிறத நிறுத்து தம்பி. மொதல்ல ஜீனிய அவுரு."

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சேணத்தை ஜீனி என்பார்கள். டீயில் போடுகிற ஜீனி இல்லை. பாரசீகத்தில் 'ஜீன்' என்றால் சேணம். அது நம் வாயில் ஜீனியாகிவிட்டது.

அவிழ்த்தார்கள். முதலில் ஜரிகைத் துணி வந்தது. அதன் கீழே தோல் சேணம். பழசுதான், ஆனாலும் நல்ல கனமான தோல். அதன் கீழே மடித்த பெட்ஷீட். அதன் கீழே ஒரு சாக்கு. அதையும் எடுத்தபோது முன்னால் நின்ற பெண்கள் 'அடியாத்தி' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில் குதிரைக்கு ஒரு மேடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த மேட்டின் உச்சியில் ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது. மேலே மஞ்சள் அப்பியிருந்தது. சற்றுக் கீழே இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுகள். காலையில் அதில் ஒன்று துணிக்கு வெளியே தெரிந்தபோது "ராசியான மச்சம்" என்று என் தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்.

"மச்சமாவது மண்ணாவது. பழைய ஜீனிப் புண்ணு. அழுத்தம் பட்ட எடத்துல தோலு உள்ளுக்குள்ள செத்துப்போயி, அதுக்கப்புறம் மொளைக்கிற முடி வெள்ளையாத்தான் மொளைக்கும்" என்றார் சித்தப்பா.

வாசகர்களே, குதிரை வாங்கப் போகிறவர்கள் நம் ஊரில் சுழி பார்ப்பார்கள். எந்தச் சுழி குடியைக் கெடுக்கும், எந்தச் சுழி ராஜயோகம் கொடுக்கும் என்று ஒரு சாஸ்திரமே இருக்கிறது. நெற்றிச் சுழியை அரை மணி நேரம் ஆராய்கிற அதே ஆள், முதுகில் எழுதி வைத்திருக்கிற வெள்ளைத் திட்டை மச்சம் என்கிறார். என் கோபம் அந்தக் குதிரைக்காரர் மேல் மட்டும் அல்ல. அவர் அந்தச் சேணத்தை அந்தியூர் சந்தையில் பழைய சாமானாக வாங்கியிருக்கிறார். பெரிய குதிரைக்குச் செய்தது. இவருடையது மட்டக் குதிரை. அகலமான சேணம் ஒல்லி முதுகில் ஏறினால் பக்கவாட்டில் நிற்காது, நேராக நடு எலும்பில் போய் இறங்கும். அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் சாக்கு, பெட்ஷீட். காசு கொடுத்த நான்தான் துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

சேணம் என்றால் என்ன என்று புரிய நீங்கள் குதிரை ஏறியிருக்க வேண்டியதில்லை. சும்மாடு தெரியுமில்லையா? தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைக்கும்போது துணியைச் சுருட்டி வளையமாக வைப்பார்களே, அது. முதுகுளத்தூர் பக்கத்தில் தண்ணீருக்கு நடந்த பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். சும்மாட்டின் சூட்சுமமே நடுவில் இருக்கும் ஓட்டைதான். பாரம் உச்சந்தலையில் இறங்காது; சுற்றியிருக்கும் வளையத்தில் பரவும். ஓட்டை இல்லாமல் துணியைக் கட்டியாக மடித்து வைத்துக்கொண்டு, நிறைகுடத்தோடு இரண்டு மைல் நடந்து பாருங்கள். சேணம் என்பது குதிரையின் சும்மாடு. அவ்வளவுதான்.

சேணத்துக்கு உள்ளே ஒரு சட்டம் உண்டு. மரத்தில் செய்வார்கள், இரும்புத் தகடு சேர்ப்பார்கள். சித்தப்பா அதை 'மரம்' என்றே சொல்கிறார். சட்டத்தின் கீழே இரண்டு பக்கமும் கம்பளி அடைத்த மெத்தை. இரண்டு மெத்தைக்கும் நடுவே வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். முதுகெலும்பு அந்தப் பள்ளத்துக்குள் எதுவும் தொடாமல், காற்றாட இருக்க வேண்டும். பாரம் முழுக்க இரு புறத்துச் சதைமேல்தான் இறங்க வேண்டும். எலும்பின்மேல் இறங்கினால், மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கிற நோயாளிக்கு என்ன ஆகுமோ அது ஆகும். எலும்புக்கும் சேணத்துக்கும் நடுவில் தோல் நசுங்கும், ரத்த ஓட்டம் நிற்கும், தோல் செத்துவிடும். மேலே புண் தெரிகிற நேரத்தில் உள்ளே கதை பாதி முடிந்திருக்கும்.

ஊர்வலத்தை நிறுத்திவிட்டு சித்தப்பா அங்கேயே பாடம் நடத்தினார். செண்டை மேளக்காரர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். எங்களோடு வந்த ஒரு மாப்பிள்ளை சொந்தமாகக் குதிரை வளர்க்கிறார். அதையும் ஓட்டி வரச் சொல்லி, அதன் முதுகில் அதே சேணத்தை வைத்துக் காட்டினார். அது பெரிய குதிரை. அதற்கு அந்தச் சேணம் கச்சிதமாகவே பொருந்தியது.

சேணத்தை முதலில் மேட்டுக்குச் சற்று முன்னால் வைத்து, பின்னோக்கி மெதுவாக வழுக்க விட வேண்டும். அப்போது கீழே இருக்கிற முடி நேராகப் படியும், சேணமும் தன் இடத்தில் தானாக நிற்கும். முன்னோக்கித் தள்ளினால் முடி எதிர்த்து நிற்கும். அதுவே உறுத்தி உறுத்திப் புண்ணாகும். சேணம் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் நிற்க வேண்டும். குதிரை முன்னங்காலை வீசும்போது அந்த எலும்பு பின்னுக்கு நகர்கிறது. சேணத்தின் விளிம்பு அதன்மேல் உட்கார்ந்திருந்தால் எட்டுக்கு ஒரு அடி விழும். பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. அதற்கப்புறம் தாங்குவதற்குக் கீழே விலா கிடையாது.

அப்புறம் விரல் கணக்கு. மேட்டுக்கும் சேணத்தின் முன் வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். "ஆளு ஏறி ஒக்காந்த பெறகு விட்டுப் பாரு. காலியா இருக்கறப்ப எல்லா ஜீனியும் நல்ல ஜீனிதான்" என்றார். குதிரைக்குப் பின்னால், உதை எட்டாத தூரத்தில் நின்று பார்த்தால் பள்ளத்தின் வழியாக மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும். மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விட்டு முன்னிருந்து பின்வரை நகர்த்தினால் ஒரே சீராகத் தட்டுப்பட வேண்டும். முன்னாலும் பின்னாலும் இறுக்கி, நடுவில் தொடாமல் பாலம் மாதிரி நின்றால் மொத்தப் பாரமும் நாலு முனையில் குத்தும்.

வயிற்று வாரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டெய்லர் பேண்டுக்கு அளவெடுக்கும்போது நாம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறோம். குதிரை வார் கட்டும்போது வயிற்றை வெளியே தள்ளும். ஒரேயடியாக இழுத்துக் கட்டிவிட்டு ஏறினால் கொஞ்ச நேரத்தில் வார் தளர்ந்து சேணம் சுற்றிக்கொள்ளும். அதனால் முதலில் லேசாகக் கட்டி, நாலு எட்டு நடக்கவிட்டு, மறுபடி இறுக்க வேண்டும். முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால் நாலு விரல் தள்ளி வர வேண்டும். அக்குளில் கட்டினால் அங்கேயும் புண்.

சவாரி முடிந்ததும் சேணத்தை எடுத்து வியர்வையைப் பாருங்கள். சேணம் பட்ட இடமெல்லாம் ஒரே மாதிரி நனைந்திருந்தால் நல்லது. நனைந்த முதுகில் கைக்குட்டை அளவுக்கு ஒரு இடம் மட்டும் காய்ந்திருந்தால் 'பரவாயில்லை, இங்கே வேர்க்கவில்லை' என்று சந்தோஷப்படாதீர்கள். வியர்வைகூட வர முடியாத அளவுக்கு அங்கே அழுத்தம் விழுகிறது என்று அர்த்தம்.

இதில் ராக்கெட் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது? கண், கை, மூன்று விரல். அரை மணி நேரத்தில் செண்டை மேளத்துப் பையன்களே கற்றுக்கொண்டார்கள்.

இந்த அரை மணி நேரத்தைக் கொடுக்காத பழக்கம் நமக்கு நேற்று வந்ததல்ல. இதே கடற்கரையோரமாகத் தெற்கே போனால் காயல். பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய துறைமுகம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இங்கே வந்தார். மன்னர் வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், வருஷக் கடைசியில் 100-கூட மிஞ்சுவதில்லை என்று எழுதி வைத்தார். பராமரிக்கத் தெரியாமல் சாகின்றன. லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் சொல்கிறார். பின்னே? குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல்?

வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியரின் கணக்கு இன்னும் ருசியானது. பாரசீகத் துறைமுகங்களிலிருந்து இந்தப் பக்கத்துக்கு வருஷம் 10,000 குதிரை, ஒன்று 220 பொன் தினார். ஆக மொத்தம் 22 லட்சம் தினார். வழியில் செத்தாலும் அடிபட்டாலும் அதற்கான விலையை இங்கே உள்ள கஜானாவே கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். பிரீமியமே கட்டாமல் இன்ஷூரன்ஸ்! என் காமர்ஸ் வாத்தியார் இதைப் பார்த்திருந்தால் பாண்டிய நாட்டு நிதி அமைச்சரை ஃபெயிலாக்கியிருப்பார். ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட நூறு சதவீதம் தேய்மானம் ஆகிற சொத்தை வருஷா வருஷம் வாங்கினார்கள்.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரையை என்ன செய்தார்களாம்? நாற்பது நாள் லாயத்தில் கயிறும் முளையுமாகக் கட்டிக் கொழுக்க வைத்தார்கள். பிறகு பழக்காமலே, அங்கவடி முதலான சவாரிச் சாமான்கள் இல்லாமலே பேய் மாதிரி ஏறி ஓட்டினார்கள், நல்ல குதிரையெல்லாம் கொஞ்ச காலத்தில் ஒன்றுக்கும் ஆகாமல் போயிற்று என்கிறார் வஸ்ஸாஃப். அவர் பாரசீகத்தில் உட்கார்ந்து எழுதியவர், வெளியூர்க்காரர், கொஞ்சம் மசாலா இருக்கலாம். நம் வெயிலும் நம் தீவனமும் அரபுக் குதிரைக்கு ஒத்துவராததும் உண்மை. ஆனாலும் இருவர் தனித்தனியாகச் சொல்கிற சேதி ஒன்றுதான். தங்கம் கொடுத்துக் குதிரை வாங்கத் தெரிந்தது, வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

குதிரை தெரிந்தவர்கள் இங்கே இல்லாமல் இல்லை. ராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரரைக் குறிப்பதுதான். அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் ஆக்கினார். மாணிக்கவாசகர் கதையே குதிரை கொள்முதல் கதைதானே? பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில் திருப்பெருந்துறையில் கோவில் கட்டினார், சிவன் நரிகளைப் பரியாக்கி அனுப்பினார், ராத்திரி அவை மறுபடி நரியாகி ஓடிவிட்டன. திருவிளையாடல் என்கிறார்கள். பாண்டியன் லாயத்துச் சேணம் வஸ்ஸாஃப் சொன்ன லட்சணத்தில் இருந்திருந்தால் நானும் ஓடியிருப்பேன். அந்தத் திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோவில். அங்கே கல்லில் குதிரைகள் இருக்கின்றன. ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களில் பாய்கிற குதிரைகளைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வாய் பிளந்தார்கள். சித்திரையில் அழகர் தங்கக் குதிரையில்தான் வைகையில் இறங்குகிறார். கல்லுக்கும் மண்ணுக்கும் தங்கத்துக்கும் சேணம் கச்சிதமாகச் செய்திருக்கிறோம். வலிக்காத முதுகுக்கெல்லாம் பொருத்தமான சேணம்.

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியனா என்றால் அதுவும் இல்லை. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் பிரிட்டிஷ் ராணுவம் மூன்று லட்சம் குதிரைகளுக்கு மேல் பலி கொடுத்தது. குண்டடிபட்டுச் செத்தது கொஞ்சம். பட்டினி, ஓய்வில்லாமை, அதிகச் சுமை என்று செத்ததுதான் அதிகம். வித்தியாசம் என்னவென்றால், பட்டபிறகு 1908-ல் உட்கார்ந்து கால்நடைப் பராமரிப்புக்கென்று ஒரு கையேடு போட்டார்கள். சித்தப்பா காலத்தில் பட்டாளத்தில் ஒரு கழுதையின் சேணத்தை இன்னொரு கழுதைக்குப் போட்டால் திட்டு விழுமாம். "கழுதைக்குக்கூட சொந்தமா ஜீனி உண்டு. சிப்பாய்க்கு பூட்ஸ் மாதிரி" என்றார்.

'இதற்கெல்லாம் சட்டமா போட முடியும்?' என்று கேட்பீர்கள். போட்டாயிற்று. அதுதான் வேடிக்கை. 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1965-ல் வண்டி மாடு, பொதி சுமக்கும் மிருகங்களுக்கான விதிகள் வந்தன. அவற்றில் குதிரைக்குச் சேணம் போடுவதற்கென்றே தனியாக ஒரு விதி இருக்கிறது. தோள் மேட்டுக்கும் சேணத்தின் வளைவுக்கும் நடுவே போதுமான இடைவெளி இல்லாமல், மேட்டின்மேலேயே அழுந்தும்படி யாரும் குதிரைக்குச் சேணம் பூட்டக் கூடாது. அதாவது சித்தப்பாவின் மூன்று விரல் கணக்கு. இந்தியச் சட்டப் புத்தகத்தில் அறுபது வருஷமாக இருக்கிறது! நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, முள் வைத்த கடிவாளம் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. புண்ணோடு இருக்கும் மிருகத்தை வேலைக்குப் பூட்டுவதே 1960 சட்டப்படி குற்றம்.

தண்டனையைக் கேட்டால் சிரிப்பீர்கள். அந்தச் சட்டத்தில் எழுதியிருப்பது முதல் தடவைக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. இதை மாற்ற 2022-ல் ஒரு வரைவு மசோதாவைக் கருத்துக் கேட்புக்கு விட்டார்கள். நீங்கள் கருத்துச் சொன்னீர்களா? நானும் சொல்லவில்லை.

ஐம்பது ரூபாயை ஐம்பதாயிரமாக்கினால் சரியாகிவிடும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஐம்பதாயிரத்தை யார் கட்டுவார்? குதிரைக்காரர். அவர் அன்றைக்கு எங்களிடம் வாங்கினது செண்டை மேளத்துக்கு நாங்கள் கொடுத்ததில் பாதிகூட இல்லை. அதில் கொள்ளு, வைக்கோல், குட்டி யானை வாடகை, கூட வந்த பையனுக்குக் கூலி. சித்தப்பா "புண்ணு ஆறுற வரைக்கும் முதுகுல எதையும் வைக்கக் கூடாது" என்றபோது அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன். "இந்த மாசம் மூணு முகூர்த்தம் அட்வான்ஸ் வாங்கிட்டேனே அய்யா" என்றார்.

'மனுஷனுக்கே கஞ்சி இல்லாத சீமையில் குதிரைக்குச் சேணமா?' என்று சிலர் கிளம்புவார்கள். கஞ்சி இல்லாதவர் வீட்டுக் காதுகுத்தில் குதிரை ஆடுவதில்லை. பிளெக்ஸுக்கு இருக்கிற காசு சேணத்துக்கு இல்லை என்பதுதான் என் வழக்கு. இன்னொரு கோஷ்டி, பெரும்பாலும் என்னைப் போலச் சென்னையில் உட்கார்ந்திருப்பவர்கள், 'குதிரை ஏறுவதையே தடை செய்' என்பார்கள். தடை போட்ட மறுநாள் அந்தச் செவலை எங்கே போகும்? அதற்குக் கொள்ளு வாங்குவது யார்? இந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் வாங்க முடிந்தால் எனக்கு எழுதுங்கள். குதிரையை ஆடப் பழக்குகிற விதம் ஒரு தனிக் கொடுமை. அதைப் பற்றி இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

சிக்கல் விலையில் இருக்கிறது. நீங்களும் நானும் குதிரை பேசும்போது என்ன கேட்கிறோம்? எவ்வளவு நேரம் ஆடும், ரெண்டு கால்ல நிக்குமா, வெள்ளையா செவலையா. ஜரிகைத் துணி புதுசா என்றுகூடக் கேட்கிறோம். அந்தத் துணியைத் தூக்கிக் காட்டுங்கள் என்று ஒருத்தர் கேட்டதுண்டா? கேட்டால், முதுகு நன்றாக இருக்கிற குதிரைக்குக் கூடுதலாகக் கொடுத்தால், பொருந்துகிற சேணம் குதிரைக்காரருக்குச் செலவாக இருக்காது, முதலீடாகிவிடும். சட்டம் அறுபது வருஷமாகச் செய்யாததை மார்க்கெட் ஒரு சீசனில் செய்யும். இது பி.காம். முதல் வருஷப் பாடம்.

தோல் சேணம் வேண்டாம், அதுதானே குத்துகிறது, மெத்தென்று கம்பளமோ நுரையோ போட்டால் என்ன என்றும் அங்கே ஒருவர் கேட்டார். வெறும் துணிக்கு உள்ளே சட்டம் கிடையாது, பள்ளம் கிடையாது. ஆளின் பாரம் அப்படியே நடு எலும்பில் இறங்கும். பொருந்தாத சேணத்துக்கு அடியில் துணி அடைப்பதும் அப்படித்தான். இறுக்கமான ஷூவுக்குள் இன்னொரு ஜோடி சாக்ஸ். நல்ல தோல் சேணத்தின் வசதியே அதைப் பிரிக்கலாம், கம்பளியை எடுத்துத் திரும்ப அடைக்கலாம், குதிரை இளைத்தால் கொழுத்தால் சரி பண்ணலாம் என்பதுதான். சேணத்துக்குப் பேர்போன ஊர் கான்பூர். 1860-களில் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்காக அங்கே சேணத் தொழிற்சாலை வைத்தான், இன்றைக்கு வெளிநாட்டுக்கெல்லாம் ஏற்றுமதி. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோலுக்குப் பேர்போனவைதான். அங்கே தைக்கிற ஷூவை 6, 7, 8, 9 என்று நம்பர் பார்த்துத்தானே நாம் காலில் மாட்டுகிறோம்?

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவினார்கள். சேணம் டிராக்டரில் ஏறியது. செவலை வெறும் முதுகோடு, சலங்கையும் மாலையுமாக முன்னால் நடந்தது. பையன் என் தோளில் ஏறிக்கொண்டான். கால் மணி நேரத்தில் எனக்குக் கழுத்து போய்விட்டது. சும்மாடு கேட்டிருக்கலாம். 'மாமன் வீட்டுக் குதிரையில ஆளையே காணோம்' என்று சம்பந்தி வீட்டுப் பக்கம் ஒரு முனகல் இருந்தது. மூன்று முகூர்த்தத்துக்கும் குதிரையை இப்படியே நடத்திக் கூட்டிப் போவதென்றும், காசு குறைத்தால் அந்தக் குறையை நான் கட்டுவதென்றும் பேசிக்கொண்டோம். இரண்டு பேர் குறைத்தார்கள். கட்டினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பா சீரியல் லைட் போட்ட பையனிடம் ஒரு முழம் கெட்டிக் கம்பி வாங்கினார். அதைச் செவலையின் மேட்டின்மேல் வைத்து, தோளோடு படிய அழுத்தி வளைத்தார். வளைவு கலையாமல் எடுத்து எதன்மேலாவது வரைய வேண்டும். காகிதம் தேடினார்கள், கிடைக்கவில்லை. பந்தல் காலில் என் பிளெக்ஸ் இருந்தது. கிழித்துப் பின்பக்கம் வெள்ளையில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, கோட்டோடு வெட்டி, பழக் கூடை வந்த அட்டையில் ஒட்டிக் குதிரைக்காரர் கையில் கொடுத்தார். "இது ஓங் குதிரையோட அளவு. எந்த ஜீனிய வாங்கினாலும் முன் வளைவுல இதை வச்சுப் பாரு."

ஆடியில் ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. பின்னால் ஒரே குதிரைக் கனைப்பும் விலை கத்துகிற சத்தமும்.

"அண்ணே, அந்தியூர்ல நிக்கிறேன். உங்க மூஞ்சிய வச்சுத்தான் ஒவ்வொரு ஜீனியா அளந்துக்கிட்டு இருக்கேன். இங்க எல்லாரும் சிரிக்கிறாய்ங்க. பதினோராவது கடைண்ணே."